திரையில் மேற்கு கிடையாது

குற்றாலத்தில் அன்று சாரல் இல்லை, மழையே பெய்தது. பேரருவிக்குப் போகிற கடைவீதியில், ஒரு பழக்கடையின் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நாங்கள் நான்கு பேர் ஒதுங்கி நின்றோம். எங்களோடு ஒதுங்கியது கொல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். குளித்துவிட்டு வந்த ஈரத் தலையோடு ஆளுக்கொரு மங்குஸ்தானை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

நஸ்ரீன் அந்த அம்மாவிடம் போய், "சேச்சி, ரெண்டு நிமிசம் ஒரு வீடியோ பாப்பீங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா ஊதாக் கறை படிந்த விரல்களைத் துண்டில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கினார்.

ஃபோனில் ஓடியது நாங்கள் எடுக்கப்போகும் த்ரில்லர் குறும்படத்தின் ஒத்திகை. இயக்குநர் நான். ஷாட்டுகள் எல்லாம் நான் பிரித்தது, கோணங்கள் எல்லாம் நான் சொன்னது. முன்பின் தெரியாத அந்த அம்மா என்ன சொல்கிறாரோ, அதை வைத்துத்தான் படத்தின் கேமரா நஸ்ரீன் கையில் இருக்குமா, வேறு கைக்குப் போகுமா என்று முடிவாக வேண்டும். அப்படித்தான் முந்தின நாள் எங்களுக்குள் பேச்சு.

அவர் பார்த்து முடிப்பதற்குள், நாங்கள் அங்கே எப்படி வந்து நின்றோம் என்று சொல்லிவிடுகிறேன்.

நான்கு பேரும் ஒரு கதையும்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பில் நாங்கள் மூன்றாம் ஆண்டு. ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மாவட்டம் பிரிந்து, தென்காசியில் எங்கு பார்த்தாலும் புதிய பெயர்ப் பலகைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும்.

எங்கள் குழுவில் என்னை யாரும் இயக்குநராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நான்தான் அதிகச் சத்தமாகப் பேசினேன், அதனால் இயக்குநர் ஆனேன். வில்லன் மாரியப்பன். காவலர் தேர்வுக்குத் தினமும் காலையில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன், நெஞ்சை நிமிர்த்தி நின்றால் நல்ல வில்லன். கதாநாயகி செல்வி. மழையில் ஐந்து மணி நேரம் நடக்கச் சம்மதித்த ஒரே பெண் என்பதால் அந்த வேடம் அவளுக்கு வந்தது. கேமரா நஸ்ரீன்.

கதை இவ்வளவுதான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு பெண் நடந்து போகிறாள். அவளுக்குத் தெரியாமல் ஒருவன் பின்தொடர்கிறான். ஏன் பின்தொடர்கிறான் என்று கேட்கக் கூடாது. அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன், கடைசிவரை யோசிக்கவே இல்லை. படத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். இன்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

நஸ்ரீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் வாப்பாவுக்கு ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. பத்தாம் வகுப்புவரை அவள் அங்கேதான் படித்தாள். பிறகு உம்மாவும் அவளும் தென்காசிக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் அவளை பி.எட். படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ சென்னையில் ஒரு திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு படிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க, தானே கேமரா எடுத்த படம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் படம் என்று எடுப்பதே அந்த ஒன்றுதான். அதுவும் கை நழுவினால் பி.எட். தான்.

இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளிடமிருந்து கேமராவைப் பறிக்கப் பார்த்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

தெற்கே உள்ள பல்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இடது வலது என்பது ராணுவத்தில் நடை பழகும்போதுதான் தேவைப்படும். மற்றபடி எல்லாம் திசைதான். சாப்பிட உட்கார்ந்தால், "அந்த ஊறுகாய கொஞ்சம் மேக்க தள்ளி வை" என்பார் அம்மா. பஸ்ஸில் இடம் கேட்பவர், "தம்பி, கொஞ்சம் கெழக்க நவுந்து உக்காரு" என்பார். பஸ் வளைவில் திரும்பினால், நகர்ந்து உட்கார்ந்தவனுக்குக் கிழக்கு வேறு பக்கம் போய்விடும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

என் தாய்மாமா ஒரு முறை தென்காசியில் பல் டாக்டரிடம் போனார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து, "தெக்க உள்ள பல்லு சார்" என்றார். டாக்டர் உள்ளூர்க்காரர். நாற்காலி எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது என்று ஜன்னலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, சரியான பல்லைத்தான் பிடுங்கினார்.

போன வாரம் இந்தத் தொடரில் கல்லூரிப் பேருந்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்கள் ஊரில் வழி கேட்டால் தலை சுற்றுகிறது" என்று குறை சொல்லி எழுதியிருந்தார். அவர் சொல்வது நியாயம்தான். எங்களுக்கு மேற்கே மலை இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வந்தால் மலை தெரியும். மலை தெரியாத இடத்தில் நிற்கும்போதும் அது எங்கே நிற்கிறது என்று முதுகுக்குத் தெரியும். அப்படி வளர்ந்துவிட்டோம்.

ஆகவே என் நீளநோட்டில் இருந்த நாற்பது ஷாட்டுகளும் திசையில்தான் இருந்தன. 'ஷாட் 7: செல்வி மேற்கே நடக்கிறாள். கேமரா தெற்கே.' 'ஷாட் 8: மாரியப்பன் மேற்கே நடக்கிறான். கேமரா வடக்கே.' ஏன் ஒன்றுக்குத் தெற்கு, ஒன்றுக்கு வடக்கு என்றால், வடக்குப் பக்கத்தில் மஞ்சள் சுவரோடு ஒரு டீக்கடை இருந்தது. செல்விக்குப் பின்னால் அது வந்தால் அழகாக இருக்கும். தெற்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. வில்லனுக்குப் பின்னால் இருட்டாகத் தோப்பு வந்தால் பயமாக இருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் இரண்டு டீ குடித்தேன்.

முதல் ஷாட் எதுவென்றால், தென்காசிக் கோயில் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு டாப் ஆங்கிள்.

"அங்கன ஏற யாரு விடுவா?" என்று செல்வி கேட்டாள்.

நஸ்ரீனின் கேள்வி வேறு. "கோபுரத்து உச்சில இருந்து யாருலே பாக்கா?" என்று கேட்டாள்.

"யாரு பாக்கணும்? டாப் ஆங்கிள். கெத்தா இருக்கும்."

"யாராச்சும் பாக்கணும்லா. யாரும் இல்லாத எடத்துல கேமராவ எதுக்கு வைக்கணும்?"

"சாமி பாக்காருன்னு வச்சுக்க" என்றான் மாரியப்பன்.

எல்லாரும் சிரித்தோம். அவள் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் கேமராவை எங்கே வைப்பது என்று நான் குழம்பி நிற்கும்போது, யார் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்திகை

ஒரு சனிக்கிழமை, ஃபோனிலேயே படத்தை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சாலைக்குப் போனோம். காலையிலிருந்தே சாரல். ரோட்டில் வேன்கள் வரிசையாகக் குற்றாலம் போய்க்கொண்டிருந்தன.

"தெக்க நில்லு" என்றேன். நஸ்ரீன் திருதிருவென்று விழித்தாள்.

"தெக்கன்னா லெஃப்ட்டா, ரைட்டா?"

மாரியப்பன் ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சிரித்தான். ஷார்ஜாவில் எட்டாவது மாடியில் வளர்ந்த பெண்ணுக்குத் தெற்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நாலைந்து முறை அவள் பக்கம் மாறி நின்றதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கெழக்க மேக்க தெரியாத ஆளு எப்படி கேமரா எடுக்கும்? மாரியப்பனோட அண்ணன் கல்யாண வீட்டுக்கெல்லாம் வீடியோ எடுக்காரு. அவர வரச் சொல்லிருவோம். நீ ஸ்டில்ஸ் எடு."

செல்வி என்னை முறைத்தாள். நஸ்ரீன் அதற்குப் பிறகு நான் சொன்ன இடத்தில் எல்லாம், சொன்னபடி, மறுபேச்சில்லாமல் நின்று எடுத்தாள். அன்று சாயங்காலமே அதை வெட்டி ஒட்டி, கல்லூரி வாசலில் எங்களிடம் காட்டினாள்.

எனக்குப் படம் நன்றாகத்தான் இருந்தது. மாரியப்பனுக்கும் பிடித்தது. செல்விகூட "பரவால்லலே" என்றாள்.

"கொழப்பமா இருக்கு" என்றாள் நஸ்ரீன். "அவன் அவ பின்னால போற மாதிரியே இல்ல."

"ரெண்டு பேரும் மேக்கதானட்டி போறாவ. இதுல என்ன கொழப்பம்?"

"ஒனக்கு மல எங்கன இருக்குன்னு தெரியும். தெரியாத ஆளுக்கு?"

"மலதான் படத்துலயே தெரியுதே."

அவள், ஊர் தெரியாத ஒரு ஆளிடம் காட்டுவோம் என்றாள். அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டால் கேமராவை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம், அவள் ஸ்டில்ஸ் எடுப்பாள். புரியாவிட்டால் ஷாட் பிரிப்பு முழுக்க அவளுடையது, நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்று கையடித்தேன். தன்னிடம் இருந்த ஒரே வாய்ப்பை அவள் பணயம் வைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஊர் தெரியாத ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மறுநாள் காலையில் அங்கே போய் இறங்கினோம்.

"ஏது மல?"

அந்த அம்மா பார்த்து முடித்தார். ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு முறை ஓடவிட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"அயாளெந்தினா திரிச்சு போயது? எந்தெங்கிலும் மறந்நோ?"

அவன் ஏன் திரும்பிப் போனான், எதையாவது மறந்துவிட்டானா என்று கேட்கிறார். செங்கோட்டை தாண்டி வருகிறவர்களின் மலையாளம் எங்களுக்கு ஓரளவு புரியும். அன்று புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திரும்பிப் போகல சேச்சி, ஒரே பக்கமாத்தான் போறான்" என்றேன்.

"அல்லல்லோ. ஆத்யம் இங்ஙோட்டு, பின்னே அங்ஙோட்டு" என்று, முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கமாகக் கையை ஆட்டிக் காட்டினார். பிறகு செல்வியைப் பார்த்து, "ரண்டாளும் நேர்க்குநேர் வரிகயல்லே? இப்போ காணும்" என்று சிரித்தார். இரண்டு பேரும் எதிரெதிரே வருகிறார்கள், இப்போது சந்தித்துவிடுவார்கள் என்கிறார்.

பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த மகள், "லவ் ஸ்டோரி ஆணோ?" என்று ஆசையாகக் கேட்டாள். காதல் கதையா என்கிறாள்.

மாரியப்பன் பழக்கூடைகளை எண்ணத் தொடங்கினான். நான் விடவில்லை. ஃபோனை வாங்கி, "அந்தா மல தெரியுது பாருங்க, அது மேக்கு. ரெண்டு பேரும் அத பாத்துத்தான் போறாவ" என்றேன்.

"ஏது மல?" என்றார் அந்த அம்மா.

நான் திரையில் விரலை வைக்கப் போனேன். வைக்க இடம் இல்லை. சாரல் நாளில் எடுத்த படம், மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு இடத்திலும் மலை இல்லை. முந்தின நாள் மூன்று முறை பார்த்தபோதும் நான் மலையைப் பார்த்தேன். மாரியப்பன் பார்த்தான், செல்வி பார்த்தாள். உள்ளூர்க்காரன் யாரிடம் காட்டியிருந்தாலும் அவனும் பார்த்திருப்பான். இல்லாத மலையை நம்பி நாற்பது ஷாட் பிரித்திருக்கிறேன்.

நஸ்ரீன் ஜெயித்த மாதிரிச் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"திரையில மேக்கு கெடையாதுலே. நாலு ஓரந்தான் இருக்கு."

அந்த அம்மா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, ஆளுக்கொரு மங்குஸ்தான் கொடுத்தார். என்னுடையதை என்னால் உடைக்கவே முடியவில்லை, செல்வி உடைத்துக் கொடுத்தாள்.

நகம், விரல், உள்ளங்கை

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் நஸ்ரீன் கரும்பலகையில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். அதுதான் சாலை. கோட்டுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகப் பெருக்கல் குறிகள். அவை கேமரா நிற்கும் இடங்கள். மறுபக்கத்தில் ஒரு குறிகூட இல்லை.

"கேமரா கோட்டத் தாண்டாது. செல்வி எப்பவும் எடத்துலேர்ந்து வலத்துக்குப் போவா. மாரியப்பனும் அப்படித்தான். பாக்குதவங்களுக்கு ஒரு பயணம் புரிஞ்சிரணும்."

"அப்ப டீக்கடை?" என்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

"கேமரா டீக்கடைக்கு முன்னால நின்னு தோப்பப் பாக்கும். டீக்கடைய விட்டுரு."

விட்டுவிட்டேன். இன்றும் அந்த மஞ்சள் சுவரை நினைத்தால் லேசாக வலிக்கிறது.

பிறகு அவள் செய்ததைத்தான் நான் பல வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலது கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் வழியாக வராந்தாவில் நின்ற மாரியப்பனைக் கையால் மறைத்துப் பார்த்தாள்.

"மொத நாலு ஷாட்ல மாரியப்பன் நம்ம நகத்தளவுதான் தெரியணும். கூட்டத்துல ஒரு ஆளு, அவ்வளவுதான். யாரும் அவனக் கவனிக்கக் கூடாது. அடுத்த ஷாட்டுகள்ல வெரலளவு. அப்புறம் உள்ளங்கை. ஆனா செல்வி ஒரே அளவுதான், மாறவே மாட்டா."

"எதுக்கு?"

"அவ மாறல, அவன் பெருசாகிட்டே இருக்கான். அவ நடக்குததப் பாத்துக்கிட்டிருக்கும்போதே நமக்கு என்னமோ பண்ணணும். ஏன்னு தெரியக் கூடாது."

நான் எழுதியிருந்த ஷாட்டுகளில் வில்லனின் கண்ணுக்குப் பதினோரு க்ளோஸ்-அப் இருந்தது. அவள் ஒன்றுகூட வைக்கவில்லை. அவன் வருகிற ஷாட்டுகளில் எல்லாம் கேமராவைச் செல்வியின் தோள்பை உயரத்துக்கு இறக்கினாள். பை ஆடும்போது அதற்குப் பின்னால் அவன் தெரிவான், மறைவான். அந்த உயரத்திலிருந்து பார்ப்பது யார் என்று நான் கேட்டேன். கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிட்ட சந்தோஷம் எனக்கு.

"அவ முதுகு" என்றாள். "திரும்பிப் பாக்கணும்னு தோணும்லா, அந்த எடம்."

என்னோடு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்போது தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. பொறாமையும் இருந்தது. ஆனால் சொல்லிவிட வேண்டும், பொறாமையைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

கோட்டின் கடைசியில், முப்பத்தொன்பதாவது பெருக்கல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இங்கன மட்டும் மாரியப்பன் வலப்பக்கத்துலேர்ந்து வருவான்."

"இப்பதான எல்லாம் எடத்துலேர்ந்து வலத்துக்குன்னு சொன்ன?"

"ஆமா. முப்பத்தெட்டு தடவை பின்னாலேர்ந்து வந்தவன், ஒரு தடவை முன்னாலேர்ந்து வந்தா? அவளத் தாண்டி எப்பவோ போயிட்டான்னு அர்த்தம். எப்பப் போனான்னு நாம பாக்கல." சாக்பீஸைக் கீழே வைத்தாள். "ஒன் தப்பத்தான் கடைசிக்கு எடுத்து வச்சிருக்கேன்."

அடுத்தவன் தப்பைக் குத்திக் காட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மூடி மறைக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துத் துடைத்து, படத்தின் உச்சியில் வைக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

ஷார்ஜா ஜன்னல்

இது உனக்கு எப்படித் தோன்றியது என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

அவர்கள் குடியிருந்த எட்டாவது மாடி வீட்டில் ஒரே ஒரு ஜன்னல்தான் ரோட்டைப் பார்த்து இருந்ததாம். மதியச் சாப்பாட்டுக்கு வாப்பா கடையிலிருந்து வருகிற நேரம் அவள் அங்கே போய் நின்றுகொள்வாள். வாப்பா எப்போதும் ஜன்னலின் இடப்பக்க ஓரத்தில் நுழைவார், நடுவுக்கு வருவார், வாசலுக்குள் மறைவார். எட்டாவது மாடியிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. ஓரத்தை வைத்துத்தான் அவர் வாப்பா.

"ஒரு நாள் வேற எங்கயோ போயிட்டு வலப்பக்கத்துலேர்ந்து வந்துட்டாங்க. அதே சட்டை, அதே நடை. ஆனா யாரோ வாராங்கன்னு பயந்து உம்மாகிட்ட ஓடிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு மலை இருந்தது போல அவளுக்கு அந்த ஜன்னல் இருந்திருக்கிறது. என் மலை படத்துக்குள் வரவில்லை, அவள் ஜன்னல் வந்துவிட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை. அப்போது இவ்வளவு கோர்வையாகத் தோன்றவும் இல்லை, பஸ் வந்துவிட்டது.

பழக்கூடைக்குள் கேமரா

படப்பிடிப்பு நாளில் எல்லாத் தொந்தரவும் மாரியப்பனால் வந்தது. மெதுவாக நடக்கச் சொன்னால் அவனுக்கு வரவே வரவில்லை. மைதானத்தில் பழகிய கால், பத்தடி போவதற்குள் வேகம் பிடித்துவிடும். செல்வியைத் தாண்டிப் போய் நின்று திரும்பிப் பார்ப்பான்.

"நான் மெதுவாத்தான் போறேன், அதுவா வேகமாயிருது" என்று பாவமாகச் சொன்னான்.

நஸ்ரீன் அவன் செருப்பைக் கழற்றச் சொன்னாள். ஈரத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு, சரளைக்கல் குத்தக் குத்த நடந்தான். அந்த நடை அப்படியே ஒரு கொலைகாரனின் நடையாக வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அவனை நல்ல நடிகன் என்றார்கள். அவன் வலியில் நடந்தான் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

கடைவீதிக்குள் வந்ததும் அடுத்த சிக்கல். கேமராவைப் பார்த்ததும் கூட்டம் நின்று பார்த்தது. ஒரு அண்ணாச்சி குடையை மடக்கிவிட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார். "எந்தச் சேனலு தம்பி?" என்று கேட்டார். இப்படி ஏழு முறை.

நஸ்ரீன் அந்தப் பழக்கடைக்காரரிடம் போய் ஏதோ பேசினாள். ஐந்து நிமிடத்தில் கேமரா ரம்புட்டான் கூடைக்குள், பழத்தோடு பழமாக, லென்ஸ் மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு ஈரத் துணி. அவள் பழம் வாங்க வந்தவள் போலக் குனிந்து நின்றாள். கூட்டம் தன் பாட்டுக்குப் போனது. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கியது, பிள்ளையை அதட்டியது, தலை துவட்டியது. அத்தனை பேருக்கு நடுவில், முப்பத்தொன்பதாவது ஷாட்டில், செல்வி இடமிருந்து வந்தாள். வலது ஓரத்தில் மாரியப்பன் நுழைந்தான்.

நான் பக்கத்தில் நின்று நேரில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே எனக்குத் தெரியும். இருந்தும் கேமராவின் சின்னத் திரையில் அவன் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததைப் பார்த்தபோது, என் கை தானாக நஸ்ரீன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டது.

"ஆட்டாதலே, படம் கெட்டுரும்" என்றாள், கண்ணை எடுக்காமல்.

கல்லூரியில் படத்தைத் திரையிட்ட அன்று, நான் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு ஷாட் போனதும் முன்வரிசைப் பெண்கள் காரணம் தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவில் யாரோ "பின்னால பாருட்டி" என்று செல்விக்குச் சொன்னார்கள். எல்லாரும் திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் வலப்பக்கம் வந்தான். அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் சினிமாத் தொழிலில் இத்தனை வருடமாக அலைகிறேன். அதன் பிறகு அது எனக்கு இரண்டே முறைதான் கிடைத்திருக்கிறது.

கைதட்டல் முடிந்ததும் எல்லாரும் இயக்குநரைப் பாராட்டினார்கள். துறைத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஷாட் பிரிப்பு பிரமாதம்" என்றார். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். நஸ்ரீன் நான்கடி தள்ளி நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் அது விழுந்தது, விழுந்தது எனக்கும் தெரியும்.

ஒரு பக்கக் கடிதம்

அடுத்த கோடையில் நஸ்ரீன் திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாள். படத்தோடு, இதில் இவர் என்ன வேலை செய்தார் என்று இயக்குநர் கையெழுத்திட்ட ஒரு பக்கமும் வைக்க வேண்டுமாம். கேமராவை இயக்கினார் என்று மட்டும் எழுதினால் போதாது. கோணங்களை முடிவு செய்தது யார் என்று தெளிவாகக் கேட்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் ஆளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். செல்வியும் கூட இருந்தாள். அரைப் பக்கம் எழுதினேன், பெரிய பெரிய வார்த்தைகளாக. செல்வி வாங்கி வாசித்தாள். 'எனது வழிகாட்டுதலின் கீழ்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"யாருக்கு யாருலே வழி காட்டினது?"

நஸ்ரீன் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று. அரங்கத்தில் சொன்ன 'தேங்க்ஸ் சார்' என் காதில் வந்து நின்றது. எனக்கு ஆலங்குளம் பஸ் வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒன்று எடுத்தேன். இந்த முறை இரண்டே வரி.

'இந்தப் படத்தில் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது நஸ்ரீன். நான் சொன்ன இடங்களில் நின்றிருந்தால் இந்தப் படமே இல்லை.'

கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு முறை வாசித்தாள். என்னிடமிருந்து பேனாவை வாங்கி, இரண்டாவது வரியை நிதானமாக அடித்தாள்.

"மொத வரி போதும்லே. இது ஒனக்கு எதுக்கு?"

அந்த ஒரு வரியைத்தான் புதுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது கேமராவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாள். இந்த வார இதழ் எந்த ஊரில் அவள் கையில் கிடைக்குமோ தெரியாது. அவள் அடித்துவிட்ட இரண்டாவது வரியை இங்கே அச்சில் ஏற்றிவிட்டேன். இனி அவளால் அதை அடிக்க முடியாது.